குடும்பத்தில் ஒருத்தி என்பது சம்பளமல்ல



வெளிநாடு போகும் வழிகளைப் பற்றி நம்மூர்க் கடைகளில் அடிபடும் சொற்களில் 'ஓ பேர்' என்பதும் ஒன்று. ஜேர்மனியில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளை பார்ப்பது, சாப்பாடும் அறையும் இலவசம், மாதம் கையில் யூரோ, ஒரு வருடத்தில் பாஷையும் வந்துவிடும் என்று சொல்வார்கள். கேட்கும் தாய் தகப்பனின் மனதில் முதலில் பதிவது யூரோ. அடுத்ததாக, "அந்த வீட்டார் நம்ம பிள்ளையைத் தங்கள் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வார்களாம்" என்ற வார்த்தை மனதை இளக்கிவிடும்.

வியாபாரப் பத்தியில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு பெண்பிள்ளையின் ஒரு வருடத்தையோ இரண்டு வருடத்தையோ இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது, நம் குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கல்களில் ஒன்று. ஒரு மூடை அரிசி வாங்கும்போது நிறையைப் பார்க்கிறோம், துண்டு வாங்குகிறோம். பிள்ளையை அனுப்பும்போது மட்டும் வாய்வார்த்தையை நம்பிவிடுகிறோம். வீட்டுக்குள் செய்யும் வேலையில் எழுத்தில் இருப்பதுதான் சம்பளம், எழுத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. இதை விளங்கிக்கொள்ள இரண்டு வாசல்களைப் பார்ப்போம். ஒன்று ஐரோப்பிய வாசல், மற்றது நமக்கு நன்கு பழகிய மத்திய கிழக்கு வாசல்.

(பெண்கள் மஹ்ரம் இல்லாமல் தூரப் பயணம் போவது பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது இந்தப் பத்தியின் வேலையல்ல. ஆனால் பெண்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. போகிறவர் கணக்குத் தெரிந்து போகவேண்டும் என்பதே நமது கவலை.)

ஓ பேர் என்பது என்ன?

இது பிரெஞ்சு மொழிச் சொல். 'சமமாக' என்பது இதன் கருத்து. வீட்டாருக்குச் சமமாக ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டின் மொழியையும் பழக்கவழக்கங்களையும் படிக்க வரும் இளவயதினரை இப்படி அழைக்கிறார்கள். ஐரோப்பிய கவுன்சில் 1969ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் இதற்கென ஓர் உடன்படிக்கையை எழுதியது. சாதாரணமாக ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, உரிமைகளையும் கடமைகளையும் எழுத்தில் வைக்கவேண்டும் என்பன அதன் அடிப்படை. அதாவது இவர் முழு நேர வேலையாளும் அல்லர், வெறும் விருந்தாளியும் அல்லர். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்.

இன்று ஜேர்மனியில் உள்ள விதிகள் தெளிவானவை. விண்ணப்பிக்கும்போது வயது 18க்கும் 26க்கும் இடையில் இருக்கவேண்டும். ஜேர்மன் மொழியில் ஏ1 எனப்படும் ஆரம்ப நிலை தெரிந்திருக்கவேண்டும். வேலை வாரத்துக்கு 30 மணித்தியாலம், நாளைக்கு 6 மணித்தியாலம். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. வருடத்துக்கு நான்கு கிழமை விடுமுறை. தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி ஆகியவை அந்த வீட்டாரின் பொறுப்பு. மொழி வகுப்புக்கும் அவர்கள் மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கவேண்டும். கையில் கிடைப்பது மாதம் 280 யூரோ. அதைச் சம்பளம் என்று கூடச் சொல்வதில்லை, 'கைச்செலவுக் காசு' என்றுதான் சொல்கிறார்கள். ஆகக் கூடியது ஒரு வருடம், அதற்கு மேல் நீடிக்க முடியாது.

குடாநாட்டார் அவசியம் அறியவேண்டிய விதி இன்னொன்று உண்டு. ஓ பேராகப் போகிறவர் அந்த வீட்டாருக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அந்த வீட்டில் ஜேர்மன் மொழி பேசப்படவேண்டும். ஜேர்மன் அவர்களுடைய தாய்மொழியாக இல்லாவிட்டால், வரும் ஓ பேர் வீட்டாரின் பூர்வீக நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. 1980களில் இருந்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல ஐரோப்பாவில் வேரூன்றியிருக்கின்றன. "மாமி வீட்டில் பிள்ளை பார்க்க ஓ பேர் விசாவில் எடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சு முதல் படியிலேயே சட்டத்தோடு முட்டிக்கொள்கிறது. இந்தத் திட்டம் மொழி படிக்க ஏற்பட்டது. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் இருந்து யாழ்ப்பாணத் தமிழே பேசிக்கொண்டிருந்தால் எந்த மொழியைப் படிப்பது என்பதுதான் அந்தச் சட்டத்தின் நியாயம்.

எல்லா நாடுகளிலும் இந்தக் கதவு திறந்திருக்கவும் இல்லை. நோர்வே 2024 மார்ச் மாதத்துடன் ஓ பேர் திட்டத்தை நிறுத்திவிட்டது. மலிவான வீட்டு வேலைக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே நெடுநாளாக இருந்தது. பிலிப்பைன்ஸ் அரசாங்கமும் தன் நாட்டுப் பெண்கள் ஐரோப்பாவுக்கு ஓ பேராகப் போவதை 1998இல் தடை செய்து, 2012இல்தான் அந்தத் தடையை முழுமையாக எடுத்தது. ஆகவே நோர்வேயில் ஓ பேர் வேலை இருக்கிறது என்று இன்று ஒருவர் சொன்னால், அவருடன் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

யூரோவைக் கணக்கில் போட்டால்

இப்போது கொப்பியை எடுப்போம். மாதம் 280 யூரோ என்றால் 12 மாதத்துக்கு 3,360 யூரோ. ஒரு யூரோவை 350 ரூபா என்று வைத்துக்கொண்டால் 11 இலட்சத்து 76 ஆயிரம் ரூபா. இதில் ஒரு சதமும் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தால்தான் அந்தத் தொகை. தொலைபேசி, பஸ், குளிருக்கு உடுப்பு என்று போனால் பாதி மிஞ்சுவதே பெரிய காரியம்.

எனவே "ஓ பேர் விசாவுக்கு 15 இலட்சம் கொடுங்கள்" என்று ஒரு முகவர் கேட்டால், அவர் கேட்பது அந்தப் பிள்ளையின் ஒரு வருட வரவையும் அதற்கு மேலான தொகையையும். முதலுக்கே மோசமான வியாபாரம். ஜேர்மனியில் ஓ பேர் முகவர் நிறுவனம் வரும் பெண்ணிடம் எடுக்கக்கூடிய கட்டணத்துக்குச் சட்டமே எல்லை வைத்திருக்கிறது. 150 யூரோதான் அது. நம் காசில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபா. ஐம்பதாயிரத்துக்கும் பதினைந்து இலட்சத்துக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் குடும்பங்களின் காணி உறுதியும் நகையும் விழுந்து போகின்றன. அவ்வளவு காசு வாங்குகிறவர் விற்பது பெரும்பாலும் ஓ பேர் விசாவாக இருக்காது. போய் இறங்கிய பின் ஒளிந்து வாழச் சொல்லும் வழியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் இதில் இலாபமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது காசில் இல்லை. மொழியில் இருக்கிறது. ஒரு வருடம் முடியும்போது ஜேர்மன் மொழி நன்றாகக் கைவந்த பிள்ளை, அங்கே தாதியர் பயிற்சி போன்ற தொழிற்பயிற்சிக்கு முறையாக விண்ணப்பிக்கலாம். அந்தப் பயிற்சிக் காலத்தில் கிடைப்பது உண்மையான கொடுப்பனவு. ஆகவே ஓ பேர் வருடத்தை உழைப்பாகக் கணக்கிடாமல் படிப்புச் செலவாகக் கணக்கிடவேண்டும். வீட்டுக் கடனை அடைக்க உடனே காசு அனுப்பவேண்டிய நிலையில் உள்ள பிள்ளைக்கு இந்த வழி பொருந்தாது. உடனடிக் காசு தேவையில்லாத, படிக்க ஆசையுள்ள பிள்ளைக்குப் பொருந்தும். ஒரே சரக்கு எல்லாக் கடைக்கும் ஏற்காது.

அமெரிக்காவின் கணக்கையும் பாருங்கள். அங்கே 1986இல் இந்தத் திட்டம் தொடங்கியது. வாரத்துக்கு 45 மணித்தியாலம் வரை வேலை. குறைந்தபட்சக் கொடுப்பனவு வாரத்துக்கு 195 டொலர் 75 சதம். இந்தத் தொகை எப்படி வந்தது? அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டொலர். அதை 45ஆல் பெருக்கினால் 326.25. அதில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் என்று 40 வீதத்தைக் கழித்தால் 195.75. 'இலவசச் சாப்பாடு, இலவச அறை' என்று சொல்லப்படுவது உண்மையில் இலவசம் அல்ல. அது கூலியில் இருந்து முன்கூட்டியே கழிக்கப்பட்ட காசு.

நமக்குப் பழகிய வாசல்

ஐரோப்பாவின் ஓ பேர் வாசல் வழியாகப் போகிறவர்கள் நம்மில் சிலரே. வெளிநாட்டு வீடுகளுக்குள் வேலைக்குப் போன நம் பெண்களில் மிகப் பெரும்பாலானோர் சவூதிக்கும் குவைத்துக்கும் ஜோர்தானுக்கும் போனவர்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அடுத்த பத்து வருடங்களில் வெளிநாடு போன இலங்கையரில் பெண்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். அவர்களில் அதிகமானோர் பணிப்பெண்கள்.

வடபுலத்து முஸ்லிம்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்து சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். சோனகத் தெருவில் கடையும் வீடும் வைத்திருந்த குடும்பங்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் குந்தின. ஆண்களின் தொழில் போய்விட்டது. முதலும் போய்விட்டது. அந்தக் குடும்பங்களில் பலவற்றில் அடுப்பெரிந்தது, மத்திய கிழக்குக்குப் போன ஒரு தாயின் அல்லது மகளின் காசில். இன்று மீளக் குடியேறிக் கட்டிய வீடுகளின் கல்லிலும் அந்தக் காசு கலந்திருக்கிறது. இதை நாம் வெளியில் அதிகம் பேசுவதில்லை. வியாபாரத்தில் முதல் போட்டவரின் பெயரை மறைப்பது நியாயமல்ல.

குவைத் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தால் வீட்டுப் பணியாளருக்கு உரிமைகளை வகுத்தது. நாளுக்கு ஆகக் கூடியது 12 மணித்தியாலம், வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை, சேவை முடிவில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், கடவுச்சீட்டை எசமான் வைத்திருக்கக் கூடாது என்பன அதில் உண்டு. 2016இல் ஆகக் குறைந்த சம்பளம் 60 தினார் என்று நிர்ணயித்தார்கள். இலங்கைப் பெண்களின் ஒப்பந்தத்தில் அதைவிடக் கூடுதலாக எழுதப்படுவது உண்டு. ஆனால் அந்த அடிமட்டத்தை டொலரில் மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 195 டொலர். அமெரிக்காவில் ஓர் ஓ பேருக்கு ஒரு வாரத்துக்குக் குறைந்தபட்சம் என்று வைத்த அதே தொகை, இங்கே ஒரு மாதத்துக்கு. இரண்டு பேரும் பார்ப்பது பிள்ளையைத்தான், இரண்டு பேரும் தங்குவது எசமான் வீட்டில்தான். ஒருத்தியை 'குடும்பத்தின் விருந்தினர்' என்றும் மற்றவளை 'கத்தாமா' என்றும் அழைக்கிறார்கள்.

முற்பணம் யாருடைய காசு?

மத்திய கிழக்குக்குப் போகும் பணிப்பெண்ணுக்கு முகவர் காசு கொடுத்து அனுப்புவது வழக்கம். சில இலட்சம் ரூபா கையில் வைப்பார்கள். ஐரோப்பா போகக் காசு கட்டவேண்டும், அரபு நாட்டுக்குப் போனால் காசு தருகிறார்கள் என்று நம்மவர்கள் சந்தோசப்படுவார்கள். இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டாமா?

அங்குள்ள வீட்டுக்காரர், அங்குள்ள ஆட்சேர்ப்பு அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் கட்டுகிறார். அதில் ஒரு பங்கு இங்குள்ள முகவருக்கு வருகிறது. அதில் இருந்து ஊர் ஊராகத் திரியும் உப முகவருக்கு ஒரு பங்கு. மெடிக்கல், பயிற்சி, டிக்கட் செலவு போக, ஒரு பங்கு அந்தப் பெண்ணின் கைக்கு வருகிறது. ஆகவே அது அன்பளிப்பு அல்ல. வீட்டுக்காரர் தான் கட்டிய தொகைக்கு இரண்டு வருட வேலையை எதிர்பார்க்கிறார். அவள் ஆறு மாதத்தில் திரும்பி வர நினைத்தால், "நான் இவ்வளவு காசு கொடுத்து எடுத்தேன்" என்று அவர் மறிக்கிறார். இங்குள்ள முகவரிடம் சொன்னால், காசைத் திருப்பிக் கட்டவேண்டி வருமே என்ற பயத்தில் "பொறுத்துக்கொள் தங்கச்சி" என்கிறார். கஷ்டத்தில் உள்ள பெண்ணின் அழைப்பை முகவர் ஏன் எடுப்பதில்லை என்பதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கலே காரணம். முற்பணம் கூடக் கூடத் திரும்பிவரும் வழி ஒடுங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூதூர் தந்த பாடம்

றிஸானா நபீக்கின் பெயரை அறியாத முஸ்லிம் வீடு இலங்கையில் இருக்காது. மூதூரைச் சேர்ந்த ஏழைப் பெண்பிள்ளை. 2005இல் சவூதிக்குப் போகும்போது உண்மையான வயது 17. கடவுச்சீட்டில் வயது 23 என்று இருந்தது. பணிப்பெண்ணாகப் போனவளின் கையில் நான்கு மாதக் குழந்தை கொடுக்கப்பட்டது. போய்ச் சில வாரங்களில் அந்தக் குழந்தை இறந்துபோனது. பால் புரையேறியது என்று அவள் சொன்னாள். கொலை என்று நீதிமன்றம் தீர்த்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. அல்லாஹ் அவளுக்கு மறுமையில் உயர்ந்த இடத்தைக் கொடுப்பானாக. பிள்ளையை இழந்த அந்தத் தாய்க்கும் பொறுமையைக் கொடுப்பானாக.

இந்தத் துயரத்தைக் கண்ணீரோடு நினைவுகூர்ந்துவிட்டு நின்றுவிடக் கூடாது. அதில் ஒரு தொழில் விதி மீறப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஓ பேர் விதிகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள வீட்டுக்கு ஓர் ஓ பேரை அனுப்புவதென்றால், கைக்குழந்தை பார்த்ததில் அவருக்குக் குறைந்தது 200 மணித்தியால அனுபவம் இருப்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். வேலை தொடங்குமுன் குழந்தைப் பாதுகாப்பிலும் குழந்தை வளர்ச்சியிலும் 32 மணித்தியாலப் பயிற்சி கொடுக்கவேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். கைக்குழந்தையைப் பார்ப்பது ஒரு தனித் தொழில் என்று அந்த விதியை எழுதியவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலோ பெண்ணாகப் பிறந்தவளுக்கு அது தானாக வரும் என்று எண்ணி, கூட்டவும் துடைக்கவும் போன பிள்ளையிடம் குழந்தையையும் ஒப்படைத்தார்கள். அவள் போன வேலை ஒன்று, செய்த வேலை இன்னொன்று. போலி வயதும் எழுதாத வேலையும் சேர்ந்த இடத்தில்தான் அந்த ஆபத்து இருந்தது.

அதன் பிறகு நாட்டில் விதிகள் மாறின. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போவதை அது தடுத்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022இல், அது தளர்த்தப்பட்டதுடன் பணிப்பெண்ணின் ஆகக் குறைந்த வயது எல்லா நாட்டுக்கும் 21 ஆக்கப்பட்டது. அந்த வருடம் வெளிநாட்டு உழைப்பாளர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 380 கோடி டொலர் அளவுக்கு விழுந்திருந்தது. 2024இல் அது 650 கோடி டொலரைத் தாண்டியது. நாட்டுக்கு அந்தக் காசு தேவை. ஆகவே போகும் வழியை அரசாங்கம் இலகுவாக்கும். போகிற பிள்ளையின் கணக்கை வீட்டார்தான் பார்க்கவேண்டும்.

உறவு வேறு, கணக்கு வேறு

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வீட்டுக்குள் செய்யும் வேலையில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். கடையில் வேலை செய்பவன் பூட்டியதும் வீட்டுக்குப் போய்விடுவான். வீட்டில் தங்கி வேலை செய்பவளுக்குப் பூட்டும் நேரம் கிடையாது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் யார் எழும்புவது? "நீ நம்ம பிள்ளைதானே" என்ற வார்த்தை அந்த நேரத்தில் சம்பளமில்லாத மேலதிக வேலையாகிவிடும். அப்படிச் சொல்கிறவர்களில் மனதார நேசிப்பவர்களும் உண்டு. நேசிக்கும் வீட்டாருக்கும் நேரத்தை எழுதித் தருவதில் நட்டம் எதுவும் இல்லை.

வசதியான நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் ஓ பேராக இருந்த பெண்கள் 2014இல், முகவர் நிறுவனங்கள் தங்கள் கொடுப்பனவைக் கூட்டுச் சேர்ந்து கீழே அமுக்கி வைத்திருந்ததாக வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் 15 நிறுவனங்கள் 6 கோடியே 55 இலட்சம் டொலர் தருவதற்கு இணங்கி வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டன. விருந்தினர் என்று அழைக்கப்பட்டவர்களே ஈற்றில் கூலிக்காக நீதிமன்றம் போகவேண்டி வந்தது.

நம் மார்க்கம் இந்த விடயத்தில் எவ்வளவு தெளிவானது என்று பாருங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. எகிப்தை விட்டு வெறுங்கையோடு மத்யன் வந்து சேர்ந்தவர். முன்பின் தெரியாத ஒரு வீட்டார் அவரை அழைத்து, முதலில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிய வேலைக்கு உரிய கூலியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அந்த வீட்டின் பெரியவர் தன் மகளையே மணமுடித்துக் கொடுக்க முன்வந்தார். அப்போதும் எட்டு வருட வேலை, விரும்பினால் பத்து, உமக்குச் சிரமம் கொடுக்கமாட்டேன் என்று காலத்தையும் நிபந்தனையையும் முன்கூட்டியே பேசி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். மருமகனாகப் போகிறவரோடு, அதுவும் ஒரு நபியோடு, நல்லவர்கள் இப்படித்தான் கணக்குப் பேசினார்கள். நாம் முகம் தெரியாத ஒருவரிடம் கணக்குப் பேச வெட்கப்படுகிறோம்.

போகுமுன் பார்க்கவேண்டியவை

முதலாவது, முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அது காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பணியகத்திடமே கேட்கலாம். உப முகவரின் விசிட்டிங் கார்ட் அனுமதிப்பத்திரம் ஆகாது.

இரண்டாவது, விசாவின் வகையைப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் மறுத்துவிடுங்கள். 2022இல் ஓமானுக்கு அப்படிக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் பட்ட பாட்டை நாடே கண்டது. பணியகத்தில் பதியாமல் போனவருக்குக் காப்புறுதியும் இல்லை.

மூன்றாவது, வயதையோ பெயரையோ மாற்றச் சம்மதிக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலேயே 2025இல் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்திருக்கும்போது அதற்கு இன்னொருவரின் கையை நம்பவேண்டிய தேவையும் இல்லை.

நான்காவது, ஒப்பந்தத்தை விளங்கும் மொழியில் வாசித்துக் கேளுங்கள். எத்தனை மணித்தியாலம், எந்த நாள் ஓய்வு, வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, நோயாளி உண்டா, சம்பளம் எந்த நாளில் எந்த வங்கிக்கு, தொலைபேசி பாவிக்கலாமா, திரும்பிவரும் டிக்கட் யாருடையது என்பவை அதில் இருக்கவேண்டும். கைக்குழந்தை பார்க்கவேண்டும் என்றால் அதற்குப் பயிற்சி எடுத்துவிட்டே போகவேண்டும்.

ஐந்தாவது, ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா மூன்றினதும் பிரதி ஒவ்வொன்று வீட்டில் இருக்கவேண்டும். ஒரு பிரதியைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுத்து வைப்பது நல்லது. பிரச்சினை வந்த பிறகு கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் ஓடித் திரிவதால்தான் மாதங்கள் வீணாகின்றன.

ஆறாவது, காசு அவளுடைய பெயரில் உள்ள கணக்குக்கு வரவேண்டும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, அவளுக்கென்று சேமிப்பு எவ்வளவு என்று போகுமுன்பே பிரித்து எழுதுங்கள். இரண்டு வருடம் உழைத்துத் திரும்பிய தாய் தன் கணக்கில் மிச்சம் பூச்சியம் என்று அறிவதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. அவள் இல்லாத நாட்களில் பிள்ளைகளைப் பார்க்கும் உம்மும்மாவின் உழைப்பும் அந்தக் கொப்பியில் ஒரு வரியாக இருக்கட்டும்.

நம் வீட்டுக் கணக்கு

கடைசியாக ஒரு விடயம். அரபு எசமானையும் ஐரோப்பிய எசமானையும் பற்றிப் பேசும்போது நாமும் எசமான்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வசதியுள்ள யாழ்ப்பாணத்து வீடுகளில், நம்முடையதும் அயலவருடையதும் எந்த வேறுபாடும் இல்லாமல், மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்கு நின்ற காலம் ஒன்று இருந்தது. "எங்கள் பிள்ளை மாதிரித்தான் வளர்க்கிறோம்" என்றுதான் அன்றும் சொல்லப்பட்டது. அந்தப் பிள்ளை எந்தப் பாயில் படுத்தது, எத்தனை மணிக்கு எழும்பியது, எந்தப் பள்ளிக்கூடம் போனது என்று யாரும் கேட்கவில்லை.

இலங்கையில் 2016இல் வந்த தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் எல்லைக்குள் சேர்க்கவில்லை. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 14இல் இருந்து 16 ஆனது 2021இல்தான். சட்டம் எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நம் வீட்டில் சமைக்க வருபவருக்கும் பிள்ளை பார்ப்பவருக்கும் நேரம், ஓய்வு நாள், சம்பளத் திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. கூலியைத் தாமதியாமல் கொடுப்பது நம் மார்க்கக் கடமை. குவைத்தில் நம் பிள்ளைக்கு என்ன கிடைக்கவேண்டும் என்று துஆச் செய்கிறோமோ, அதை நம் அடுப்படியில் நிற்கும் அடுத்தவர் பிள்ளைக்கு இந்த மாதத்தில் இருந்தே கொடுக்கத் தொடங்கலாம். இன்ஷா அல்லாஹ்.